வேர்வையைப் பார்த்து உடுத்து

ஈகன், மினசோட்டா
நவம்பர் 18

அன்புள்ள சுமதி,

டுலூத்தில் வீடு அமைந்துவிட்டது, மாடி ஜன்னலில் சுப்பீரியர் ஏரி தெரிகிறது, சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் பிடித்துப் போய்விட்டது என்றெல்லாம் நீ எழுதியிருந்ததைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். கல்லூரி முடிந்து ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு நாம் இரண்டு பேரும் ஒரே மாநிலத்தில் இருப்பது இப்போதுதான். காரில் இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான். நினைத்தால் கிளம்பி வந்துவிடலாம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மா செப்டம்பரில் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். பொங்கலுக்கு ஊரில் இருக்க வேண்டும் என்று இப்போதே டிக்கெட் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இவருக்கு வேலை மாறியதில் வாரத்துக்கு மூன்று நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறார். அருண் இந்த வருஷம் பள்ளி மவுண்டன் பைக் அணியில் சேர்ந்தான். ஏற்றத்தில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறான். இறக்கத்தில்தான் இன்னும் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வருகிறான். அது தானாக வரும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஃபீனிக்ஸில் வெயில் ஏறுவதற்குள் சவுத் மவுண்டனில் ஒரு சுற்று முடித்துப் பழகிய உனக்கு இந்தக் குளிர் மலைப்பாகத்தான் இருக்கும். பைக்கை ஏப்ரல் வரைக்கும் கராஜில் தொங்கவிட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். குளிர்கால சைக்கிளுக்குப் பேர்போன மாநிலத்துக்கு வந்திருக்கிறாய். 2005இல் சர்லி கம்பெனி பக்ஸ்லி என்ற ஃபேட் பைக்கை, அதாவது பனியில் புதையாத அகன்ற டயர் சைக்கிளைக் கொண்டுவந்த பிறகுதான் நாலு அங்குல டயரெல்லாம் சாதாரண சைக்கிள் கடைக்கே வந்தது. அந்தக் கம்பெனி இருப்பது ப்ளூமிங்டனில், என் வீட்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். உன் ஊரிலும் லெஸ்டர் பக்கம் பனியை அமுக்கி ஃபேட் பைக்குக்கென்றே பாதை போடுகிறார்கள். டயரின் காற்றழுத்தத்தை மட்டும் நாலைந்து பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டும். டயர் பள்ளம் பறித்துக்கொண்டே போனால் அன்றைக்குத் திரும்பிவிட வேண்டும். பாதை போட்டவர்களின் உழைப்பு வீணாகக் கூடாது.

பைக்கைப் பற்றி இவ்வளவு போதும். உடுப்பில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். குளிர் என்றால் நம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வழி கனமாகப் போட்டுக்கொள்வது. போன வாரம் நான் இங்கே லெபனான் ஹில்ஸ் பூங்காவுக்குக் கிளம்பும்போது மைனஸ் 9. அம்மா வாசலில் நின்று என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். மெல்லிசான மெரினோ கம்பளிப் பனியன், அதன்மேல் காகிதம் மாதிரி ஒரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட். "இந்தக் குளிர்ல இதையா போட்டுட்டுப் போற?" என்று தன் ஸ்வெட்டரையே கழற்றப் போய்விட்டார். "அம்மா, சின்ன வயசுல விளையாடிட்டு வந்து ஃபேனுக்கு அடியில உட்கார்ந்தா என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். "வேர்த்த உடம்போட காத்துல உட்காராதேன்னு சொல்வேன்" என்றார். நான் சொல்ல வருவதும் அதேதான், சுமதி. மைனஸ் குளிரில் அது பத்து மடங்கு உண்மை.

யோசித்துப் பார். பெடல் மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சம் முக்கால் பங்கும் சூடாகத்தான் வெளியே வருகிறது. ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சூடும் எதிர்காற்றும் ஓரளவு ஒரே சீராக இருக்கும். நமக்கு அப்படி இல்லை. ஏற்றத்தில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து, மூச்சு வாங்கி, கொதித்துப் போகிறோம். காற்று என்பதே இல்லை. உச்சியைத் தொட்டதும் மிதிப்பது நின்றுவிடுகிறது, இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறோம். மைனஸ் 18இல் 24 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் தோலுக்கு அது மைனஸ் 28. அரை மணி நேரத்தில் மூக்கு நுனி உறைந்து போகக்கூடிய குளிர். (நீயும் நானும் இத்தனை வருஷம் அமெரிக்காவில் இருந்தும் மனசு செல்சியஸில்தானே கணக்குப் போடுகிறது, அதனால் அதிலேயே எழுதுகிறேன்.) இந்த இரண்டு நிலையும் கால் மணி நேரத்துக்குள் மாறி மாறி வரும். ஏற்றத்தில் நனைந்தவளை இறக்கம் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். அதனால்தான் ஈரமான கனத்த உடுப்பைவிடக் காய்ந்த மெல்லிய உடுப்பு மேல். வேர்க்காமல் இருப்பதற்காகத்தான் உடுத்த வேண்டும், குளிர் அப்புறம்.

அன்றைக்கு அங்கே ஒரு பையன் வந்திருந்தான், கல்லூரி மாணவன் போல இருந்தான். காட்டன் டீ-ஷர்ட், அதன்மேல் காட்டன் ஹூடி, அதன்மேல் தடித்த இறகு ஜாக்கெட். கார் நிறுத்துமிடத்தில் எங்கள் எல்லாரையும்விட அவன்தான் சுகமாக இருந்தான். முதல் ஏற்றம் முடிந்து ஜாக்கெட் ஜிப்பை இறக்கினான். உள்ளேயிருந்து இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி வந்தது. ஹூடியின் முதுகு முழுக்க ஈரம். கூட வந்தவரின் சங்கிலி சிக்கிக்கொள்ள, பத்து நிமிஷம் நின்றோம். அதற்குள் அந்த ஹூடியின் கழுத்தோரம் வெள்ளையாக உறைபனி பூத்துவிட்டது; விரலால் தட்டினால் மொடமொடவென்று இருந்தது. பல் கிட்டித்துப் போய் அவனுக்குப் பேச்சே வரவில்லை. என்னிடம் இருந்த உபரி மெரினோ பனியனைக் கொடுத்து, ஈரத் துணியையெல்லாம் கழற்றச் சொல்லி, காருக்குக் கூட்டிப் போனோம். காட்டனை மட்டும் உடம்பில் ஒட்ட விடாதே. உள்ளாடை உட்பட.

வீட்டை விட்டு இறங்கும்போது உனக்குக் கொஞ்சம் குளிர வேண்டும். முதல் பத்து நிமிஷம் "தப்பாகப் போட்டுக்கொண்டு வந்துவிட்டோமோ" என்று தோன்றினால் சரியாகத்தான் போட்டிருக்கிறாய். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே என்றால் மெல்லிய மெரினோவும் காற்றுத் தடுப்பும் போதும். மைனஸ் 10க்குக் கீழே போனால் நடுவில் மெல்லிய ஃப்ளீஸ், அந்தப் பொசுபொசுவென்ற செயற்கைத் துணிச் சட்டை. மைனஸ் 18 என்றால் அந்த ஃப்ளீஸ் கொஞ்சம் தடிக்கலாம், அவ்வளவுதான். முழு மழை ஜாக்கெட் வேண்டாம். வேர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். அக்குளில் ஜிப் இருக்கிற ஜாக்கெட்டாகப் பார். ஏற்றத்துக்கு முன்னாலேயே ஜிப்பைத் திறந்துவிடு, உச்சியில் மூடிக்கொள். வேர்த்த பிறகு திறந்து பிரயோஜனமில்லை. காலுக்கு, முன்பக்கம் காற்றுப் புகாத துணி வைத்த டைட்ஸ். முழங்காலில் தசை குறைவு, நேர்க்காற்று அங்கேதான் அடிக்கும். முழங்கால் கவசம் போட்டுக்கொண்டால் அடிக்கும் பாதுகாப்பு, குளிருக்கும் பாதுகாப்பு.

இது வரைக்கும் எளிது. கையும் காலும்தான் பாடு. உடம்பு குளிர்ந்தால் முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். மரத்த விரலால் பிரேக்கை அளந்து பிடிக்க முடியாது. மரத்துக்கு மரம் நெளிந்து போகிற பாதையில் அது ஆபத்து. தடித்த கையுறை போட்டால் பிரேக் லீவரே விரலுக்குத் தெரியாது. இதற்கு போகி என்று ஒன்று விற்கிறார்கள், ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் மாட்டுகிற பெரிய உறை. கை அதற்குள் நுழைந்துகொள்ளும், பிரேக்கும் கியரும் உள்ளேயே இருக்கும். அதற்குள் சாதாரண மெல்லிய கையுறை போதும். முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். ஜாக்கெட்டில் மிச்சம் பிடித்தாவது வாங்கு.

காலுக்கு, நீ போடும் கிளிப் ஷூவை, பெடலில் பூட்டிக்கொள்கிறதே அதை, மார்ச் வரை எடுத்து வை. பாதத்தின் முன்பகுதிக்கு நேர் கீழே இருக்கிற அந்த இரும்பு கிளீட் உன் சூட்டையெல்லாம் பெடலுக்குக் கடத்திவிடும். தட்டைப் பெடலும், ஒரு சைஸ் பெரிய குளிர்கால பூட்ஸும் நல்லது. பெரிசாக இருக்க வேண்டியதன் காரணத்தைக் கேள்: விரல் அசைய இடம் வேண்டும், சுற்றிலும் கொஞ்சம் காற்று நிற்க வேண்டும். இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்தம் ஓடாது, ஒற்றை சாக்ஸைவிட அதிகமாகக் குளிரும். கடையில் விற்கிற சூட்டுப் பொட்டலம் உண்டே, அதற்குள் இருப்பது இரும்புத் தூள். காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கும்போதுதான் அது சூடாகும். இறுக்கமான பூட்ஸுக்குள் வைத்தால் காற்றே கிடைக்காமல் சும்மா கிடக்கும். அதைப் போகிக்குள் போடு, அங்கே நன்றாக வேலை செய்யும். ஏற்றத்தில் கால் மரத்தால் வெட்கப்படாமல் இறங்கி ஐந்து நிமிஷம் தள்ளிக்கொண்டு நட. ரத்தம் இறங்கி விரல் சுருக்கென்று உயிர் பெறும். எந்தப் பூட்ஸும் அதைச் செய்யாது.

தலைக்கு, ஹெல்மெட்டுக்குள் அடங்குகிற மெல்லிய தொப்பி, காது மூடினால் சரி. நம் மங்கி கேப் ஹெல்மெட்டுக்குள் நுழையாது. கழுத்தில் ஒரு துணி வளையம், தேவைப்பட்டால் மூக்கு வரை இழுத்துக்கொள்ள. மூச்சு வாங்குகிற ஏற்றத்தில் மட்டும் வாயை மூடாதே. மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியில் பனியாகப் படிந்துவிடும்.

தண்ணீர்ப் பையை ஜாக்கெட்டுக்கு உள்ளே போட்டுக்கொள். ஒவ்வொரு தடவை குடித்த பிறகும் குழாயில் நிற்கிற தண்ணீரைத் திரும்ப உள்ளே ஊதிவிடு, இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும். பாட்டில் கொண்டுபோனால் தலைகீழாக வை. ஐஸ் மேல் பக்கம்தான் பிடிக்கும், மூடி தப்பிக்கும்.

அப்புறம், எவ்வளவு பக்கத்தில் போனாலும் பையில் ஒரு இறகு ஜாக்கெட் இருக்கட்டும். ஓட்டும்போது போட அல்ல. பஞ்சர் ஒட்ட நிற்கிற பத்து நிமிஷத்துக்கு. நின்ற உடனே, குளிர் உறைக்கும் முன்பே, எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்.

உன் ஊரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஏரி சீக்கிரம் குளிராது. டிசம்பரில் கரையோரம் ஓரளவு மிதமாக இருக்கிற நாளிலும் குன்றின் மேல் பல டிகிரி குறைந்திருக்கும். ஏரிக்காற்று கிழக்கிலிருந்து வந்தால் ஈரத்தோடு வரும். ஜன்னலில் தெரிகிற தெர்மாமீட்டரை நம்பி உடுத்தாதே, போகிற பாதை எவ்வளவு உயரத்தில் என்று பார்.

ஜனவரிக் கடைசியில் உங்கள் வடக்கே ஏரோஹெட் 135 என்ற பந்தயம் நடக்கும். இன்டர்நேஷனல் ஃபால்ஸிலிருந்து டவர் என்ற ஊர் வரை 135 மைல், பனியில். 1996 பிப்ரவரியில் மைனஸ் 51 பதிவான அதே டவர்தான். சைக்கிளிலும் போகிறார்கள், ஓடியும் போகிறார்கள். தூக்கப் பையும் அடுப்பும் கூடவே கொண்டுபோக வேண்டும். அதில் போகிறவர்கள் முதலில் பழகுவது வேர்க்காத வேகத்தில் மிதிக்க. நாம் அங்கே போக வேண்டியதில்லை, அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டால் போதும். மைனஸ் 20க்குக் கீழே நான் தனியாகக் காட்டுக்குள் போவதில்லை. நீயும் போகாதே. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும், போன் பேட்டரியும் குளிரில் படுத்துவிடும். துணைக்கு ஆள் வேண்டும்.

இதையெல்லாம் ஒரே நாளில் வாங்கிவிடாதே. போகியும் மெரினோ பனியனும் இந்த வாரம் வாங்கு. பூட்ஸ் என்னிடம் ஒரு ஜோடி உபரியாக இருக்கிறது, 39 சைஸ். உனக்குச் சரியாக வருமா என்று எழுது. ஒரு சுற்று பெரிசாக இருக்க வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். ஜனவரி நடுவில், அம்மாவை விமானம் ஏற்றிவிட்ட பிறகு, அருணையும் கூட்டிக்கொண்டு ஒரு சனி ஞாயிறு டுலூத்துக்கு வருகிறேன். அம்மா உனக்கென்று பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறார், அதையும் கொண்டுவருகிறேன். எந்த வாரம் உனக்குத் தோதுப்படும் என்று உடனே பதில் போடு.

அன்புடன்,
கலா