படகில் நீங்கள் கேட்ட கேள்விக்கு

அன்புள்ள எதிர் பிளாக் அக்காவுக்கு,

வீடு கைமாறிவிட்டது. போன வெள்ளிக்கிழமை இங்கே சிங்கப்பூரில், தோ பாயோவில் இருக்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தோம். இந்த மாதக் கடைசிவரை தங்கிக்கொள்ளலாம் என்று வாங்கியவர்கள் பெரிய மனது பண்ணியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஹாங்காங்தான், மாற்றமில்லை.

இதை உங்களுக்குப் போனில் சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. ஊரே படிக்கிற இடத்தில் இதை எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். ஆனால் டெக்கா மார்க்கெட்டில் மீன்கடை முன்னால் நாலு பேர் காதில் விழ நீங்கள் சொன்னதும் ஊர் கேட்கத்தானே? "எடுத்துக்கிறதுக்கு சிங்கப்பூர், குடுக்கிற நேரம் வந்தா வேற ஊரு." அன்று சாயந்திரமே என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. கொண்டுவந்து சேர்த்தவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

இவருடைய கம்பெனி பெயரையும் சம்பளத்தையும் இங்கே எழுத முடியாது. பையனைப் பற்றியும் அளந்துதான் எழுதுவேன். அவனும் ஒரு நாள் தேடிப் படிப்பான்.

பணத்துக்காகப் போகிறோம் என்று பேசிக்கொள்கிறார்களாம். அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே வரி கம்மி என்று எல்லாரும் சொல்வார்கள். இங்கே மேல்தட்டு 24 சதவீதம் வரை போகிறது, அங்கே 15, 16-இல் நின்றுவிடும், நிஜம்தான். ஆனால் அதெல்லாம் பெரிய சம்பளக்காரர்கள் பார்க்கிற லாபம். எங்கள் அளவுக்கு மிஞ்சுவதை வாடகையும் பள்ளிக்கூடமும் வாயில் போட்டுக்கொள்ளும். கான்டனீஸ் தெரியாத பையனை இந்த வயதில் உள்ளூர்ப் பள்ளியில் சேர்ப்பது கஷ்டம். ஆங்கிலப் பள்ளி என்றால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல்.

துங் சுங்கில் வீடு பார்க்கப் போனோம். விமான நிலையத்துக்குப் பக்கம், நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றுதான் அந்தப் பேட்டை. ஏஜென்ட் கதவைத் திறந்ததும் நான் வாசல் நடை என்று நினைத்து நின்றுகொண்டிருந்தேன். "இதுதான் மேடம் ஹால்" என்றார். பையனுக்கு என்று காட்டிய அறையில் கட்டில் மூன்று சுவரையும் தொடுகிறது. கால்மாட்டு வழியாக ஏறித்தான் படுக்க வேண்டும். துணி வைக்கக் கட்டிலுக்கு அடியில் இழுப்பறை. அந்த இழுப்பறையைத் திறந்தால் அறைக்கதவை மூட முடியாது. ஜன்னலுக்கு வெளியே மட்டும் பச்சை மலை, கொள்ளை அழகு. எங்கள் நாலறை வீவக வீட்டில் பாதிதான் இருக்கும், வாடகையோ நாங்கள் இங்கே கட்டிய தவணையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பணத்துக்காகப் போகிறவள் இப்படியா போவாள்?

சரி. எதற்காகப் போகிறோம் என்பதற்கு வருகிறேன்.

என்எஸ் என்கிற கட்டாய ராணுவ சேவைக்கு உங்கள் பையனை, நம் தம்பியை, கொண்டுபோய் விடத் தெக்கோங் தீவுக்குப் போன நாள் உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், ஊரில் இல்லை, தனியாகப் போனால் அழுதுவிடுவேன் என்று என்னைக் கூப்பிட்டீர்கள். சாங்கி படகுத்துறையில் ஏறியதிலிருந்து தம்பி மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டே இருந்தான். வீரமாகாளியம்மன் கோயிலில் நீங்கள் மந்திரித்துக் கட்டியது. கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை, கூட்டாளிகள் முன்னால் அவனுக்கே கூச்சம். முடிச்சு நனைந்து இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்தான். நீங்கள் "விடுறா, இருக்கட்டும்டா" என்று அவன் கையைப் பிடிக்கிறீர்கள், அவன் உதறுகிறான். கடைசியில் என் புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து நான்தான் முடிச்சைக் கிளறி அவிழ்த்தேன். கயிறு இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, வளையம் மாதிரி இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே அவன் "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றான். அதுவரை அவன் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான்.

அங்கே தங்குமிடம் காட்டினார்கள், சாப்பாடு போட்டார்கள், பிள்ளைகள் வரிசையில் நின்று உறுதிமொழி எடுத்தார்கள். தலை மழிக்காத அத்தனை பையன்களும் ஒரே குரலில் சொன்னபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. இதை நான் யாருக்காகவும் சேர்த்து எழுதவில்லை.

திரும்பி வரும் படகில் அந்தக் கயிற்றை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தீர்கள். அப்போதுதான் கேட்டீர்கள். "உம் பையனுக்கு இன்னும் எத்தனை வருஷம்?" நான், "அதுக்கு இன்னும் நெறைய நாள் கெடக்குக்கா" என்றேன்.

அந்தப் பதிலைத்தான் நீங்கள் பொய் என்கிறீர்கள். அதற்கு முந்தின வாரமே இவருக்கு ஹாங்காங் பேச்சு வந்துவிட்டது என்பது பிறகு உங்களுக்குத் தெரிந்துபோயிற்று. வந்தது பேச்சு மட்டும்தான், எதுவும் முடிவாகவில்லை. முடிவாகியிருந்தால் மட்டும்? அப்போதுதான் பிள்ளையை விட்டுவிட்டு வருகிற ஒரு தாயிடம், நாங்கள் எங்கள் பிள்ளையை விடப் போவதில்லை என்று படகிலேயே சொல்லியிருக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள், எந்த வாயால் சொல்வது? உங்களுக்கு அது வலித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் மறுபடி அதே படகு, அதே கேள்வி என்றாலும் என் வாயில் அதே பதில்தான் வரும்.

பையனுக்கு வருகிற மாதம் பன்னிரண்டு முடிகிறது. பதின்மூன்று வயது நிறைந்துவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருக்க வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். பதினாறரையில் என்எஸ்ஸுக்குப் பதிவு, பதினெட்டுக்கு மேல் இரண்டு வருடம். இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் எங்களைப் போன்ற நிரந்தரவாசிகள் (பிஆர்) சிலர் "பிஆர் தானே, சும்மா போயிடலாம்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சும்மா போக முடியாது. சேவை செய்யாமல் பிஆரை விட்ட பிள்ளை பின்னால் இங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பம் போட்டால் இதையும் எடுத்து வைத்துத்தான் பார்ப்பார்கள். அரசாங்கம் அதை ஒளிக்கவில்லை. அவன் பிறந்து வளர்ந்த ஊருக்கே அவனுக்கு வழி அடைபடலாம் என்று தெரிந்துதான் போகிறோம். அந்தச் சுமையை அவன் தலையில் வைத்தது நாங்கள்தான். எங்களைக் கேள்வி கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது. டெக்காவில் மீன் வாங்க வந்தவர்களுக்கு இல்லை.

என்எஸ் காரணமா என்றால், ஆமாம், அதுவும் ஒரு காரணம். இவருடைய வேலை இடம் மாறாமலிருந்தால் நாங்களும் இருந்திருப்போம், அவனும் தெக்கோங் போயிருப்பான், நான் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டு போயிருப்பேன். வேலை இடம் மாறியது. மாறியபோது, இவர் மட்டும் அங்கே போய் நாங்கள் இங்கே இருக்கலாமா என்றும் யோசித்தோம். யோசிக்கும்போது இந்தக் கணக்கும் குறுக்கே வந்து நின்றது. வரவில்லை என்று யாரிடமும் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆனால் அக்கா, எங்களைப் பிஆருக்குப் போடச் சொன்னது யார்? குழந்தை நடக்கக்கூட ஆரம்பிக்காத சமயம், உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பியதே நீங்கள்தான். "என்எஸ்ஸெல்லாம் பதினெட்டு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம், இப்ப வீடு வாங்குற வழியப் பாரு." நானும் அப்படித்தான் பார்த்தேன். இப்போது சிபிஎஃப் சேமநிதியை வழித்துக்கொண்டு போகிறாள் என்கிறீர்கள். அது நாங்கள் உழைத்த பணம், ஒரேயடியாகப் போகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. பத்து வருடத்துக்கு மேல் இங்கே வரி கட்டியிருக்கிறேன். ஓசியில் இருந்துவிட்டுப் போகவில்லை.

எனக்கு டெங்கி வந்து படுத்திருந்தபோது பிளேட்லெட் எண்ணிக்கையை நாள்தோறும் காலண்டரில் குறித்து வைத்ததும் நீங்கள்தான். பையன் பள்ளிவிட்டு உங்கள் வீட்டுக்குத்தான் வருவான். பார்க் கனெக்டர் பாதையில் தம்பிதான் அவனுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தான், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி. இதையெல்லாம் எந்த ஊருக்குப் போய் எடுத்துக்கொள்வது?

அவன் தமிழை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை. சென்னையில் இருக்கிற என் அண்ணன் பையன் பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருக்கிறான். இவன் இங்கே பிறந்து, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில் தமிழ் எழுதினான். எம்ஆர்டி ரயிலில் அறிவிப்பு தமிழில் வந்தால் கூடவே சொல்வான், அதே குரலில். அங்கே பள்ளியில் மாண்டரின்தான், தமிழ் நான் சொல்லிக் கொடுத்தால் உண்டு. தீபாவளிக்கு லீவு கிடையாது. கோயிலுக்கு ஹேப்பி வேலி போக வேண்டும், துங் சுங்கிலிருந்து பாதி நாள் போய்விடும். அம்மாவுக்கு ஏதாவது என்றால் இங்கிருந்து நேரே திருச்சியில் இறங்கலாம். அங்கிருந்து இறங்க முடியாது, சுற்றித்தான் வர வேண்டும். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "நேரமாவது அதே நேரந்தானே, போன் பண்ண மறக்க வேண்டாம்" என்றார்கள். இரண்டு ஊரும் நம்மூரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்தான். அவர்களுக்குத் தோன்றிய ஒரே நல்ல விஷயம் அது.

ஏழு வருடம் இருந்தால் அங்கே நிரந்தர உரிமை கேட்கலாம் என்கிறார்கள். அப்போது பையனுக்குப் பத்தொன்பது ஆகியிருக்கும். தம்பி இப்போது இருக்கிற வயது.

கிரைண்டர் விஷயம். பிளக், கரண்ட் எல்லாம் அங்கேயும் இதேதான், எடுத்துப் போனால் ஓடும். ஆனால் அந்தச் சமையலறையில் கிரைண்டரை வைத்தால் நான் வெளியே நிற்க வேண்டியதுதான். உங்களுக்கு என்றுதான் எடுத்து வைத்திருக்கிறேன். கீழ்வீட்டில் இரண்டு முறை விலை கேட்டுவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வர வேண்டாம், கனம். இந்த வாரம் தம்பி முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வீட்டுக்கு வந்தால் அவனை அனுப்புங்கள், பையன் ஒரு பக்கம் பிடிப்பான்.

இப்படிக்கு,
எதிர் பிளாக் தங்கை