கேபினுக்குள் நடப்பது வெறும் கூத்தல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்கள் பற்றிய கட்டுரையில் ‘தி ஸ்மாலஸ்ட் ஷோ ஆன் எர்த்’ (1957) படத்தை ‘விழுந்து புரளும் சிரிப்பு’ என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். பேசில் டியர்டன் இயக்கிய அந்தப் படத்தில் ஆபரேட்டர் குவில் படும் பாடு, புரொஜெக்டர் வேலை தெரிந்தவர்களுக்கு அப்பட்டமான நிஜம்.

பாழடைந்த ‘பிஜு’ தியேட்டர் ஓர் இளம் தம்பதிக்கு வாரிசுச் சொத்தாக வருகிறது. கார் நிறுத்த இடம் வேண்டி முன்பு 5,000 பவுண்டு தருவதாகச் சொன்ன ‘கிராண்ட்’ தியேட்டர் முதலாளி, இப்போது 500தான் என்கிறார். விலையை ஏற்றத்தான் பிஜுவைத் திறக்கிறார்கள்.

பக்கத்தில் ரயில் போனால், படம் ஓட்டும் அறையான கேபினே ஆடும். குவிலாக நடிக்கும் பீட்டர் செல்லர்ஸ் புரொஜெக்டரைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். இது மிகையல்ல. பிலிமில் படச்சட்டத்தின் அகலம் சுமார் 22 மில்லிமீட்டர். திரை 6 மீட்டர் என்றால் ஏறக்குறைய 270 மடங்கு பெருக்கம். விளக்கொளிக்கு நேராகப் பிலிமைப் பிடித்து நிறுத்தும் ‘கேட்’டில் பிலிம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே திரையில் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் துள்ளும். அதோடு, அன்றைய கார்பன் விளக்கில் இரு கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சீராக இருந்தாக வேண்டும். கம்பிகள் எரிந்து குறையக் குறைய நெருக்கிக்கொண்டே வராவிட்டால் வெளிச்சம் மங்கி, கடைசியில் அணைந்துவிடும்.

எதிராளியான கிராண்ட் முதலாளி பிலிம் பெட்டிக்குள் விஸ்கி பாட்டிலை ஒளித்து அனுப்ப, குவில் குடித்துவிடுகிறார். பிஜுவைச் சொத்தாகப் பெற்ற இளம் கணவர் தானே ஓட்டப்போய்க் காட்சியே நாசமாகிறது. ஆகாமல் என்ன செய்யும்? கேட்டில் பிலிம் நொடிக்கு 24 தடவை நின்று நின்று இறங்குகிறது. ஒலி படிக்கும் இடத்தில் ஒரே சீராக ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவே தளர்வாக ஒரு ‘லூப்’ விட வேண்டும். அது இறுகினால் படம் குதிக்கும், பிலிம் ஓரத்தில் உள்ள பல் துளை கிழியும். அளவு தவறினால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றாமல் அப்படியே மாட்டினாலோ படம் தலைகீழாகப் பின்னோக்கி ஓடும். கைப்பழக்கம் இல்லாதவருக்கு இதெல்லாம் ஒரே இரவில் வந்துவிடாது.

பாலைவனப் படம் ஓடும்போது ஹீட்டரைக் கூட்டிவிட்டு ஐஸ் விற்கும் தந்திரம் எளிமையானது, ஆனால் கணக்கு தெரிந்தவன் எழுதியது.

எல்லாவற்றையும்விட, ஆட்டம் முடிந்து கதவடைத்தபின் மூன்று முதிய ஊழியர்களும் தங்களுக்காக மட்டும் 1923இன் மௌனப் படம் ஒன்றை ஓட்டிப் பார்க்கும் காட்சி. அந்த மூவரில் ஒருவராக நடிக்கும் மார்கரெட் ரூதர்போர்டு பியானோ வாசிக்கிறார். பகலெல்லாம் தள்ளாடிய குவிலின் கை அங்கே தடுமாறுவதே இல்லை. செல்லர்ஸுக்கு அப்போது முப்பத்திரண்டு வயதுகூட ஆகவில்லை. கிழவராக நடிக்கிறார் என்ற நினைப்பே வரவில்லை. இந்தக் காட்சியைச் சொல்லாமல் இப்படத்தைப் பற்றி எழுதுவது நியாயமில்லை. கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி