ரெட் டாட் வைத்தால் வேலை சுலபமாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துப்பாக்கி சுடுதல் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரைக்கு ஒரு வாசகர் எழுதியிருந்த பதிலைப் படித்தேன். பிஸ்டல் மேல் ரெட் டாட் சைட்டை, அதாவது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் மின்னணுக் கருவியை, மாட்டிவிட்டால் அப்புறம் அதில் திறமைக்கு என்ன வேலை, புள்ளியைக் கொண்டுபோய் வைத்துச் சுட வேண்டியதுதானே, வீடியோ கேம் மாதிரி ஆகிவிட்டது என்று வருத்தப்பட்டிருந்தார். டெக்சாஸில் குடியிருந்து, இங்கே வார இறுதிகளில் நடக்கும் பிராக்டிகல் ஷூட்டிங் (பல இலக்குகளை நேரக் கணக்கில் சுடுவது) போட்டிகளில் ரெட் டாட் பிஸ்டலோடு கலந்துகொள்கிறவள் நான். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் 25 மீட்டர் ரேபிட் ஃபயரை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்பது படிக்கும்போதே தெரிந்தது, அது நியாயமும்கூட. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது அந்தப் பிரிவில்தான். வரிசையாக 5 இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு, முதலில் 8 நொடி, அப்புறம் 6, கடைசியில் வெறும் 4. கையைத் தாழ்த்திப் பிடித்து நின்று, நேரம் தொடங்கியதும் தூக்கி வரிசையாகச் சுட்டு முடிக்க வேண்டும். ஓப்பன் சைட் மட்டும்தான், அதாவது துப்பாக்கியின் முன்னாலும் பின்னாலும் இருக்கும் சாதாரணக் குறிகள்; மின்னணு சைட்டுக்கு அங்கே இடமே கிடையாது. அதனால் வீரரின் பார்வை முன் சைட்டை விட்டு அகலாது; இடுப்புக்கு மேலே கை, தோள், தலை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து திரும்பும். அற்புதமான கலை அது, எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் ரெட் டாட் புழங்கும் போட்டிகள் வேறு கணக்கில் ஓடுகின்றன. ஐ.பி.எஸ்.சி. என்ற உலக அமைப்பு 1976இல் மிசூரி மாநிலத்து கொலம்பியாவில் தொடங்கியது, அதன் அமெரிக்கப் பிரிவுதான் யு.எஸ்.பி.எஸ்.ஏ. இங்கே இலக்குகள் ஒரே வரிசையில், ஒரே தூரத்தில் நிற்காது. ஓர் அட்டை இலக்கு 3 கெஜத்தில் இருக்கும், அதற்கடுத்தது தடுப்புக்குப் பின்னால் பாதி மறைந்து 20 கெஜத்தில் இருக்கும், நடுவில் ஓர் இரும்புத் தகடு. 9 எம்.எம். பிஸ்டலில் அட்டையின் நடுப்பகுதியில் பட்டால் 5 மதிப்பெண், அதற்கு வெளியே 3, ஓரத்தில் 1, தவறவிட்டால் 10 கழித்துவிடுவார்கள். மொத்த மதிப்பெண்ணை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்து வருவதுதான் ஹிட் ஃபேக்டர். ஒரே அட்டையில் இரண்டு குண்டை விறுவிறுவென்று போடுவது கொஞ்ச நாளில் பெரும்பாலானவர்களுக்கு வந்துவிடும். நேரம் போவது ஓர் இலக்கிலிருந்து அடுத்த இலக்குக்கு மாறும்போது. ட்ரான்ஸிஷன் என்கிறோமே, அந்தக் கால் நொடி, அரை நொடிதான் ஒரு நல்ல வீரரையும் சாதாரண ஆளையும் பிரிக்கிறது. அங்கேதான் ரெட் டாட் உதவுவதைவிட அதிகமாக நம் தவறுகளைக் காட்டிக்கொடுக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். சைட்டுக்குள் இருப்பது ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. அதன் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு, இணையான கதிர்களாகக் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. அதனால் புள்ளி ரொம்பத் தொலைவில் மிதப்பது மாதிரி தெரியும். இலக்கைக் கூர்ந்து பார்த்தாலே போதும், புள்ளியும் கூடவே தெளிவாகத் தெரியும். இலக்கா, முன் சைட்டா, பின் சைட்டா என்று கண் அல்லாட வேண்டியதில்லை. இந்த வசதியைப் பயன்படுத்தத் தெரியாமல் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். ஓப்பன் சைட்டில் பழகி வந்தவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். புள்ளி இடமிருந்து வலமாக ஊர்ந்து போவதைக் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டே போவார்கள், அது அடுத்த அட்டையைத் தாண்டிப் போய்விடும், மறுபடி இழுத்து வருவார்கள், அந்த ஊசலாட்டத்திலேயே அரை நொடி போய்விடும்.

சரியான முறை என்னவென்றால், கண் முதலில் போக வேண்டும். கடைசிக் குண்டு வெடித்து, புள்ளி மேலே எழும்புவதைப் பார்த்த அந்தக் கணமே கண் அடுத்த இலக்குக்குத் தாவிவிட வேண்டும், அதுவும் பொத்தாம் பொதுவாகப் பழுப்பு அட்டை மேல் போய் விழக் கூடாது, அதில் ஒட்டியிருக்கும் ஒரு ஸ்டிக்கரின் ஓரம், ஒரு ஸ்டேப்ளர் பின், அந்த அளவுக்குச் சின்ன இடம் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிஸ்டல் தானாகக் கண்ணைப் பின்தொடர்ந்து வரும். கண் போன இடத்துக்குக் கை வரும் என்பதை நம்புவதற்குத்தான் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும்: பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பிரித்விராஜ் தொண்டைமான் சுட்ட ட்ராப் பிரிவில் யாரும் குழல் நுனியைப் பார்த்துச் சுடுவதில்லை, பறக்கிற தட்டைத்தான் பார்க்கிறார்கள். அதை யாரும் வீடியோ கேம் என்று சொல்வதில்லையே.

பயிற்சி சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ளப் பயிற்சியாளரே வேண்டாம், அட்டையே சொல்லிவிடும். இடமிருந்து வலமாகச் சுடுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் அட்டையில் இரண்டாவது ஓட்டை வலது பக்கம் தள்ளி விழுந்திருந்தால், குண்டு வெளியேறுவதற்கு முன்பே கிளம்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டாவது அட்டையில் முதல் ஓட்டை இடது ஓரத்தில் இருந்தால், போய்ச் சேர்வதற்கு முன்பே ட்ரிகரை அழுத்திவிட்டீர்கள். அதே ஓட்டை வலது ஓரத்தில் இருந்தால், தாண்டிப் போன பிறகு சுட்டிருக்கிறீர்கள், தோளில் இறுக்கம் அதிகம். இந்தத் தாண்டிப் போகிற கோளாறுக்குக் கையை இன்னும் பலமாக இழுத்துப் பிடிப்பதில் பயனே இல்லை. தோளைத் தளர்த்தி, அகலமான திருப்பங்களை முழங்காலும் இடுப்பும் பார்த்துக்கொள்ளும்படி விட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நிறையப் பேர் டைமரை மட்டும் பார்த்துவிட்டு ஓட்டைகளை ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிடுகிறார்கள். எனக்கு அது தாங்காது, பாடமே அந்த ஓட்டைகளில்தான் இருக்கிறது!

இங்கே பிளேக் டிரில் என்று ஒன்று உண்டு. 7 கெஜத்தில் மூன்று அட்டைகள், ஒன்றுக்கொன்று ஒரு கெஜம் இடைவெளி, ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டு. ஒரே அட்டையில் இரண்டு குண்டுகளுக்கு நடுவே எவ்வளவு நேரமோ, அட்டை மாறும்போதும் அதே நேரம் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆறு வெடியும் ஒரே தாளத்தில் கேட்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும். இதில் ஒரு வகையாகத் தேறிவிட்டு அந்தத் தாளத்தையே எல்லா இடத்துக்கும் கொண்டுபோனாலும் அடி விழும். இரும்புத் தகடுகளைச் சுடும் ஸ்டீல் சேலஞ்ச் போட்டியில் ஸ்மோக் அண்ட் ஹோப் என்ற சுற்றில் நான்கு பெரிய செவ்வகத் தகடுகள் இருக்கும், கடைசியாக 12 அங்குல வட்டத் தகடு ஒன்றை அடித்தால்தான் நேரம் நிற்கும். முதல் நான்கையும் சரமாரியாக அடித்துவிட்டு, அதே வேகத்தில் அந்த வட்டத்தைத் தவறவிடுகிறவர்களை ஒவ்வொரு மேட்சிலும் பார்க்கலாம். கிட்டத்து அட்டையில் சிவப்பாக ஏதோ மின்னினாலே போதும், சுடலாம். 20 கெஜத்து அட்டையில் புள்ளி வந்து நிற்பதைப் பார்த்துத்தான் சுட வேண்டும். எந்த இலக்குக்கு எவ்வளவு பார்த்தால் போதும் என்ற முடிவைச் சைட் எடுக்காது, சுடுகிற ஆள்தான் எடுக்க வேண்டும்.

புள்ளியை வெறித்துப் பார்க்கும் பழக்கத்தை உடைக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. சைட்டின் முன்பக்கக் கண்ணாடியை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பயிற்சி செய்வது. ஒரு கண் இலக்கைப் பார்க்கும், மற்றது புள்ளியைப் பார்க்கும், மூளை இரண்டையும் சேர்த்துவிடும். புள்ளியையே பார்த்தால் அட்டை காணாமல் போய்விடும், அதனால் ஏமாற்றவே முடியாது. சிலருக்கு இப்படிச் செய்யும்போது புள்ளி கொஞ்சம் விலகித் தெரியும், அது கண்ணின் இயல்பு, பயப்பட வேண்டாம். புள்ளியின் வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள், பளீரென்று இருந்தால் கண் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

இதில் பெரும்பகுதியைக் குண்டே இல்லாமல் வீட்டுச் சுவரைப் பார்த்துச் செய்யலாம். ஆனால் ஒரு குண்டுகூட அந்த அறைக்குள் இருக்கக் கூடாது, குண்டுகள் இருக்கும் மேகசினை எடுத்துவிட்டு, குண்டு உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்க்க வேண்டும், எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மூன்றில் ஒரு பங்கு அளவில் அச்சடித்த இலக்குகளை 3 கெஜத்தில் ஒட்டினால் அது 9 கெஜத்துக்குச் சமம். ஒரு தடவை அழுத்திய பிறகு பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை இழுக்காமல் பல பிஸ்டல்களில் ட்ரிகர் மறுபடி கிளிக் ஆகாது என்பார்கள். ட்ரான்ஸிஷன் பழக அந்த கிளிக் தேவையே இல்லை, கண் தாவுவதும் புள்ளி வந்து நிற்பதும்தான் விஷயம்.

அந்த வாசகர் ரெட் டாட்டை ஏதோ நேற்று முளைத்த பொம்மையாக நினைக்கிறார் போலிருக்கிறது. ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் முதல் மின்னணு ரெட் டாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1975இல். 1990இல் அடிலெய்டில் நடந்த ஐ.பி.எஸ்.சி. உலகப் போட்டியில் அமெரிக்கரான டக் கோனிக் ரெட் டாட் வைத்துத்தான் ஜெயித்தார். ஓப்பன் சைட்டுக்கென்று தனிப் பிரிவுகள் இன்னும் இருக்கின்றன, அவரவர் பிரிவில் அவரவர் போட்டி, யாரும் யாருடைய பதக்கத்தையும் பறித்துக்கொண்டு போகவில்லை.

அடுத்த முறை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இதைப் பற்றி எழுதும்போது, துப்பாக்கியின் படத்தைப் பெரிதாகப் போடுவதற்குப் பதில் ஒரு சுற்றின் வரைபடத்தையும் ஹிட் ஃபேக்டர் கணக்கிடும் விதத்தையும் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வீரர் சுடத் தொடங்கும் முன் வெறுங்கையோடு அந்தச் சுற்றை நடந்து பார்த்து, எந்த இலக்கிலிருந்து எந்த இலக்குக்குப் போவது என்று முடிவு செய்கிறாரே, அதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டல்லாஸ், டெக்சாஸ்