மாலை வகுப்பிலிருந்து

நங்கநல்லூர், சென்னை
ஞாயிறு காலை

அன்புள்ள புலவருக்கு,

விடுதியில் வைத்த பெயரை இன்னும் விடவில்லையா என்று முறைக்காதே. உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே பாளையங்கோட்டையில் கல்லூரிப் பகுதிநேர ஆசிரியையா! என்ன கிடைக்கும், பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறாய். எனக்கு இது ஆறாவது வருஷம்.

முதலில் பணம். வருகைதரு விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று 2019-இல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொன்னது. அந்தக் கணக்கோடு போய் உட்காராதே. அரசு சம்பளம் தராத சுயநிதிப் பிரிவில் எனக்கு மணிக்கணக்குச் சம்பளம், மே மாதம் பூஜ்யம். அதிலும் கையில் தருவதற்கு முன்பே வருமான வரியாகப் பத்து சதவீதம், டிடிஎஸ் என்று பிடிப்பார்கள். நமக்குத்தான் வரியே வராதே என்று முதல் இரண்டு வருஷம் ரிட்டர்ன் போடாமல் இருந்தேன். ரிட்டர்ன் போட்டிருந்தால் திரும்பி வந்திருக்கும், பிடித்தது போனது போனதுதான். வங்கிக்காரிக்கு இதைச் சொல்ல நான் யார்?

சலுகை என்று யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். கல்லூரி நூலகரிடம் என்-லிஸ்ட் என்கிற இணைய நூலகத்துக்குக் கணக்கு கேள். மின்னூல்களும் ஆய்விதழ்களும் வீட்டிலிருந்தே படிக்கலாம். என்னை இரண்டு தடவை அலையவிட்டுத்தான் தந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் எனக்கென்று நாற்காலி கிடையாது. டெஸ்ட் பேப்பர் திருத்தக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப்பகுதி இருக்கிறது. அப்புறம் 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் நமக்கு டிக்கெட் இல்லையே, பிடித்தம் இல்லாத ஒரே படி அதுதான்!

வகுப்புக்கு வருகிறேன். என் பிள்ளைகளில் பாதிப் பேர் பகலில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். முதல் வருஷம் நோட்ஸ் சொல்லி எழுதவைத்தேன். கடைசி பெஞ்சு தூங்கியது, நான் கத்தினேன், அதற்கும் தூங்கியது. ஒருநாள் நிலையான செலவு, மாறும் செலவு நடத்தும்போது, உணவு டெலிவரி டீ-ஷர்ட்டோடு உட்கார்ந்திருந்த பையனிடம், "உன் வண்டிக்கு மாசம் என்னப்பா செலவு?" என்றேன். இஎம்ஐ, பெட்ரோல், டயர் என்று அவன் சொல்லச் சொல்லப் பலகையில் எழுதினேன். "மிஸ், ஆர்டரே வராட்டியும் இஎம்ஐ கட்டணும். அப்ப அது நிலையானது" என்றான். ஒரு ஆர்டருக்கு இவ்வளவு கையில் நின்றால், இஎம்ஐயை எடுக்க எத்தனை ஆர்டர் ஓட்டவேண்டும் என்று பக்கத்துப் பையன் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். இன்னும் நான் நடத்தாத பாடம் அது, லாபமும் நஷ்டமும் இல்லாத சமநிலைப் புள்ளி! அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழவில்லை.

அதிலிருந்து பலகையில் முதல் எண் அவர்களுடையதுதான். கடைசி ஐந்து நிமிஷம் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு: "இன்றைக்கு எது புரியவில்லை?" பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடு, இல்லாவிட்டால் எல்லாம் புரிந்தது என்றே வரும். பஸ்ஸில் அதைப் படித்தால் மறுநாள் பாடம் தயார். ஒரு சீட்டில் "மிஸ், பசிக்குது" என்று மட்டும் இருந்தது. அதற்கு நான் என்ன பாடம் தயார் பண்ண? இப்போது பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கிறது.

முதல் வகுப்பு எப்படிப் போனது என்று அன்றைக்கே எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல். அல்வா மட்டும் அனுப்பாதேடி, சர்க்கரை 180-இல் நிற்கிறது.

உன்,
குட்டச்சி