கோபுரங்களும் இரவில் கொஞ்சம் உறங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் செம்பனைத் தோட்டத்து ஓரம் நிற்கும் கைப்பேசிக் கோபுரத்தின் அடியில் விடிய விடிய ஏர்கோன் ஓடுகிறது. ஊரோ பத்து மணிக்கே படுத்துவிடும்.

ஒருவரும் பேசாவிட்டாலும் கோபுரம் மின்சாரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அதில் பெரும்பங்கு, அலையை வலுவாக்கி அனுப்பும் ஆம்பிளிஃபையருக்குப் போகிறது. 4ஜி அலை திடீர் திடீரென உச்சத்துக்கு எகிறும். அது சிதையாமலிருக்க, ஆம்பிளிஃபையரை முழுத் திறனுக்குக் கீழேயே ஓட்டுகிறார்கள். அதனால் கணிசமான மின்சாரம் வெறும் சூடாகிறது. அந்தச் சூட்டைத் தணிக்க ஏர்கோன், அதற்கும் மின்சாரம்!

இந்த ஆம்பிளிஃபையர் இருக்கும் ரேடியோ பெட்டியை மேலே ஆண்டெனாவுக்குப் பக்கத்திலேயே மாட்டினால் நீண்ட கேபிளில் வீணாவது மிச்சம். காற்றே அதைக் குளிர்விக்கும். அப்புறம், நள்ளிரவில் கூடுதல் அலைவரிசைகளை உறங்கவிட்டு ஒன்றை மட்டும் விழித்திருக்க வைக்கலாம். அவசர அழைப்புக்கு அது போதும்.

2021 இறுதியில் மலேசியாவில் 3ஜி சேவையை நிறுத்தியது மின்சாரச் சிக்கனத்துக்கும் நல்ல முடிவு. தோட்டப்புறங்களில் புதுக் கோபுரம் எழுப்ப ஒப்புதல் தரும்போது, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் இந்த ஏற்பாடுகளையும் நிபந்தனையாக்க வேண்டும்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்