ஆள் இல்லாத நேரத்தில் அகலக் கதவைத் திறந்து வையுங்கள்

எங்கள் புறநகர் ரயில் நிலைய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். காலையும் மாலையும், டிக்கெட்டைச் சரிபார்த்துத் திறக்கும் உங்கள் தானியங்கிக் கதவுகளைத் தாண்டிப் போகிற சீசன் டிக்கெட் பயணி நான். டிக்கெட் எடுக்காமல் போகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டிக்கெட் எடுத்தவர்கள் தடுக்கப்படுவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன வாரம், இரவு ஒன்பதரை மணி. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண் அகலக் கதவுக்கு முன் நின்றிருந்தார். அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி எரிந்துகொண்டிருந்தது. உதவிப் பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். கையில் செல்லுபடியாகும் டிக்கெட், கண்ணெதிரே ரயில். அதன் கதவுகள் மூடிக்கொள்வதை நாங்கள் இருவருமே பார்த்தோம். பக்கத்துக் கதவு எனக்குத் திறந்தது. அவருக்குத் திறந்தும் பயனில்லை, நாற்காலி நுழையாது. சாதாரணக் கதவின் வழி ஏறக்குறைய 55 சென்டிமீட்டர்தான்; நாற்காலி தாராளமாகப் போக ஏறக்குறைய 90 வேண்டும்.

அகலக் கதவு அவர் ஒருவருக்கானது மட்டும் இல்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருபவர், பெரிய பெட்டியோடு வருபவர், ஊன்றுகோலோடு மெதுவாக நடப்பவர் எல்லாருக்கும் அதுதான் வழி. ஒரு பெரியவர் பாதி கடந்திருக்கும்போதே கதவு மூடி அவர் பையைக் கவ்வியதையும் பார்த்திருக்கிறேன். கதவு எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்பதை மாற்றி அமைக்க முடியும். கொஞ்சம் கூட்டி வையுங்களேன்.

ஜப்பானில் 1967-இலேயே ஒசாகா அருகே கிதா-சென்ரி நிலையத்தில் தானியங்கிக் கதவுகள் வந்துவிட்டன. அந்த நாட்டில் பெரும்பாலான கதவுகள் திறந்தே இருக்கும். டிக்கெட் செல்லாவிட்டால்தான் குறுக்கே வந்து மறிக்கும். கூட்டம் நிற்காமல் நகர்கிறது. இங்கே நேர்மாறாக, எல்லாரையும் முதலில் நிறுத்திவிட்டு அப்புறம்தான் விடுகிறோம். அப்படித்தான் வேண்டுமென்றால் சரி, ஆனால் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தே ஆக வேண்டும். பயண அட்டையை இயந்திரம் படிக்காமல் போகலாம், டிக்கெட் இருக்கும் கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோகலாம். பார்வையற்றவருக்கு அட்டையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் போகலாம். இதையெல்லாம் கேட்டுத் தீர்க்க இயந்திரத்தால் ஆகாது.

கடைசி ரயில் போகும்வரை கதவருகே ஓர் ஊழியரை நிறுத்துங்கள். ஆள் போட முடியாத நேரத்தில் அகலக் கதவையாவது திறந்து வையுங்கள். தீ எச்சரிக்கை மணி அடித்தால் தானே திறந்துவிடும்படி செய்யப்பட்டவைதானே இந்தக் கதவுகள்? திறந்து வைக்கப் புது இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

உங்கள் முடிவை அந்த அகலக் கதவின் பக்கத்திலேயே, நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், ஒட்டி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தினமும் வரும் ஒரு பயணி