கணக்கில் வராத கைகளுக்கு ஒரு நன்றி மடல்

நம் சபையின் தாய்மாருக்கும், அக்காமாருக்கும், மதினிமாருக்கும், தங்கைமாருக்கும் கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

ஒன்பது ஆண்டுகள் சபையின் பொருளாளராக இருந்துவிட்டு, சென்ற மாதம் கணக்குப் புத்தகங்களையும் காணிக்கைப் பெட்டியின் சாவியையும் புதியவரிடம் ஒப்படைத்தேன். அதற்கு முன் வழக்கம்போல் தணிக்கை நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தணிக்கையாளர் செலவுப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். ஆலயத் துப்புரவு என்ற தலைப்பின் கீழ் விளக்குமாறு, பினாயில், வாளி ஆகியவற்றுக்கான ரசீதுகள் ஒழுங்காக இருந்தன. கூலி என்று ஒரு ரூபாய்கூட இல்லை. "விளக்குமாறு வாங்கியிருக்கிறீர்கள், கூட்டியது யார்?" என்று கேட்டார். "பெண்கள் கூட்டிவிடுவார்கள்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. நான் எழுதிய கணக்கில் பிழை எதுவும் இல்லை என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் படித்து நம் சபை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முயல்கிற ஒருவருக்குப் பாதிகூட விளங்காது. விடுபட்ட பாதிக்காக இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் அந்த விளக்குமாற்றிலிருந்தே தொடங்குகிறேன். சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் நீங்கள் நான்கைந்து பேர் ஆலயத்துக்கு வருகிறீர்கள். யார் எந்த வாரம் என்று பட்டியல் எழுதி ஒட்டியதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் ஒரு வாரமும் ஆள் இல்லாமல் போனதில்லை. ஆனி, ஆடிக் காற்றில் தேரி என்னும் மணல்மேட்டின் செம்மணல் சன்னல் இடுக்குகள் வழியாக உள்ளே வந்து பாய்களின் மேலும் பெஞ்சுகளின் மேலும் படிந்துவிடும். காலையில் கூட்டினால் மாலையில் மறுபடி படியும் என்று தெரிந்தே கூட்டுகிறீர்கள். கூட்டி முடித்தபின் திருவிருந்துப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்குவதும், மேசை விரிப்பைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்ப்பதும், உலர்ந்த திராட்சையைக் காய்ச்சி வடிகட்டித் திராட்சரசம் வைப்பதும், பூச்சாடிக்கு யார் வீட்டுத் தோட்டத்திலிருந்தாவது பூக்கள் கொண்டுவருவதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் மணி அடிக்கும்போது வந்து உட்காருகிற எங்களுக்கு ஆலயம் எப்போதும் அப்படியே இருப்பதாகத்தான் தோன்றும்.

அந்த வெள்ளை விரிப்பின் ஓரத்தில் இருக்கும் லேஸ் பின்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நம் பக்கத்துப் பெண்களின் கைகளுக்கு அது வந்து சேர்ந்த வழி நீண்டது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். தென் திருவிதாங்கூரில் அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அந்த வேலையில் கிடைத்த வருமானத்தைக் கொண்டே தங்களை மீட்டுக்கொண்டார்கள். அவருடைய மகள் எலைசா 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கலையும் தேரிக்காட்டுக்கு வந்தது. கால்டுவெல் ஐயரின் மொழி ஆராய்ச்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம். அவருடைய மனைவி நடத்திய பெண்கள் பள்ளியைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். நம் மேசை விரிப்பின் ஓரத்தைப் பின்னியவர் இப்போது கண்பார்வை மங்கி, திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆச்சி. பண்டிகைதோறும் அந்த விரிப்பைப் பார்த்து நல்ல வேலைப்பாடு என்று வெளியூர் விருந்தினர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதை ஆச்சியிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று இந்த மாதம்தான் எனக்குத் தோன்றியது. போய்ச் சொன்னேன். ஓரத்தில் இரண்டு கண்ணி பிரிந்திருக்கும், யாராவது பார்த்துத் தைத்தீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அடுத்தது கைப்பிடி அரிசி. என் வரவுப் புத்தகத்தில் மாதந்தோறும் "கைப்பிடி அரிசி விற்ற வகையில்" என்று ஒரு வரி இருக்கும். தொகை பெரியதாக இருக்காது. உலைக்கு அரிசி அளந்தபின் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு பானையில் போட்டுவைத்து, மாத முதல் ஞாயிற்றுக்கிழமை ஓலைப்பெட்டியிலோ துணிப்பையிலோ கொண்டுவந்து கொட்டுவது நம் பாட்டிமார் காலத்து வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் யோசிக்காமல் விட்டது வேறொன்று. அந்தப் பிடி மிச்சத்திலிருந்து எடுக்கப்படுவதில்லை. பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போதுமா என்று கணக்குப் பார்த்து அளந்த அரிசியிலிருந்து எடுக்கப்படுகிறது. குறைந்த அந்த ஒரு பிடி யாருடைய தட்டில் குறைந்திருக்கும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மீன் வராத நாளிலும், பனை ஏறாத மாதத்திலும், ரேஷன் அரிசி மட்டுமே வீட்டில் இருந்த வாரத்திலும் அந்தப் பானைக்கு ஒரு பிடி போய்க்கொண்டேயிருந்தது. மிசோரமில் உள்ள சபைகளிலும் இதே வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. அங்கே பள்ளிகளையும் ஊழியர்களையும் தாங்குகிற பெரும் வருமானங்களில் அதுவும் ஒன்று. இங்கே, 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோது, இந்தியரின் பணத்தைக் கொண்டே இந்தியரை ஊழியத்துக்கு அனுப்புவோம் என்று நம் முன்னோர் துணிந்தார்கள். அதில் அரிசிப்பானையிலிருந்து எவ்வளவு வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் கைப்பிடி அரிசிப் பணத்தில் ஒரு பங்கு இன்றைக்கும் அந்த வழியில்தான் போகிறது என்பதை அனுப்பியவன் என்ற முறையில் நான் அறிவேன்.

2020-இல் ஆலயக் கதவுகள் பூட்டிக் கிடந்த மாதங்களிலும் அந்தப் பானைகள் நிரம்பின. விற்க வழியில்லாததால் அரிசியை நீங்களே அளந்து, வேலை இழந்த வீடுகளுக்கு, நம் சபையார் அல்லாத வீடுகளுக்கும் சேர்த்து, இருட்டியபின் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். எந்த வீடு என்று என்னிடம் சொல்ல மறுத்துவிட்டீர்கள். ரசீது இல்லாமல் எப்படிக் கணக்கு எழுதுவது என்று அன்றைக்கு நான் சற்றுக் கடுமையாகவே பேசினேன். அதற்காக இப்போது வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

சபையார் எல்லோரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகையைப் பற்றி எழுதும்போது எனக்கு அதைவிடக் கூச்சமாக இருக்கிறது. அசனச் சமையல் ஆண்களின் வேலை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பின்னிரவில் அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, பாயில் விரித்த வெள்ளைத் துணியில் மலைபோலக் குவித்து, நார்ப்பெட்டிகளில் அள்ளிக்கொண்டு பந்திக்கு ஓடுவது நாங்கள்தான், அதில் பொய்யில்லை. ஆனால் முந்தின நாள் பிற்பகலிலிருந்து பந்தலின் கீழ் வட்டமாக உட்கார்ந்து, கண்ணீர் வழிய வழியச் சின்ன வெங்காயம் உரித்து, பூண்டு உரித்து, காய் நறுக்கி, தேங்காய் துருவி, நடுநடுவே கீர்த்தனை பாடிக்கொண்டு நள்ளிரவுவரை இருந்தவர்கள் நீங்கள். அடுப்பு மூட்ட வருகிறவனுக்கு எல்லாம் தயாராகக் கூடைகளில் இருக்கும். அவன் கிண்டுவான், பெயர் அவனுக்கு. கடைசிப் பந்தியில் சாப்பிட்டவர்களும் நீங்கள்தான், அதன்பின் பாத்திரங்களைத் தேய்த்தவர்களும் நீங்கள்தான். பண்டிகை நன்றியுரையை ஒன்பது ஆண்டுகளும் எழுதியவன் நான். பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், ஆடு வாங்கிக் கொடுத்தவர்கள், விறகு கொடுத்தவர், மின்வாரிய ஊழியர்கள், காவல்துறையினர் என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசி வரியில் "மற்றும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும்" என்று முடித்திருக்கிறேன். பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதிலும் அதே "மற்றும்".

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் திருவைகுண்டத்தில் பயணிகளோடு சிக்கி நின்றது. குளங்கள் உடைந்து தண்ணீர் தெருவுக்குள் வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரமே இருந்தது. மேட்டில் இருக்கும் ஆலயத்தைத் திறந்துவிடலாமா என்று கமிட்டியார் கைப்பேசியில் ஒருவரையொருவர் அழைத்துத் தொடர்பு கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் சாவியை வாங்கித் திறந்து, கீழ்த்தெருக் குழந்தைகளையும் முதியவர்களையும் உள்ளே சேர்த்து, நனையாமல் காப்பாற்றிய விறகில் கஞ்சி காய்ச்சத் தொடங்கியிருந்தீர்கள். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கென்று வாங்கிவைத்திருந்த மாவும் சர்க்கரையும் அந்த நான்கு நாட்களில் தீர்ந்துபோயின. உங்களில் மூன்று பேரின் வீடுகளுக்குள் அப்போது முழங்கால் அளவு தண்ணீர் நின்றது என்பது, தண்ணீர் வடிந்தபின் நிவாரணப் பட்டியல் எழுத வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

துக்க வீடுகளில் நீங்கள் செய்வதை நீட்டி எழுத மனம் வரவில்லை. அது அந்தந்த வீட்டாருக்கும் உங்களுக்கும் இடையிலானது. என் தாயார் படுக்கையில் கிடந்த ஏழு மாதங்களில் வியாழக்கிழமை தோறும் வந்து, தலைவாரிவிட்டு, ஒரு சங்கீதத்தை வாசித்துக் காட்டிவிட்டுப் போன இரண்டு பேருக்கும் மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்: அம்மா புதன்கிழமை இரவிலிருந்தே உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

சபைப் போதகரின் மனைவியான நம் ஐயரம்மாவையும் இந்த மடலில் சேர்க்காமல் விட முடியாது. ஐயருக்குச் சம்பளச் சீட்டு உண்டு. ஐயரம்மாவுக்கு வேலை மட்டும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வந்ததும் பிள்ளைகளின் பள்ளியையும் பழகிய அண்டைவீட்டாரையும் விட்டுவிட்டு, புதிய ஊரில் பெண்கள் கூட்டத்தையும் ஓய்வுநாள் பள்ளியையும் முதல் வாரத்திலேயே பொறுப்பேற்கவேண்டும் என்று சபை எதிர்பார்க்கிறது. ஏற்கவில்லை என்றால் பேசுகிறோம். ஏற்றால் அது இயல்புதானே என்று இருந்துவிடுகிறோம்.

பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் இருந்தன. முதல் பெயர் ஒரு பிராமண விதவையுடையது: குளோரிந்தாள். 1785-இல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே அழைத்தார்கள். நம் திருநெல்வேலிச் சீமையின் சபைக் கணக்கு ஒரு பெண்ணின் பெயரோடு தொடங்கியிருக்க, அதன் பின் வந்த புத்தகங்களில் அந்தப் பெயர்கள் எங்கே போயின என்று கேட்டுக்கொண்டேன். ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் பெபேயாளையும் பிரிஸ்கில்லாளையும் பெர்சியாளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். ரூபின் தாயோ பெயரில்லாமல் வருகிறார். அவர் தனக்கும் தாய் என்று எழுதியதோடு விட்டுவிடுகிறார் பவுல். அந்த இடத்தைப் பல தடவை வாசித்திருந்தும், பெயரைச் சொல்லவேண்டாம் என்று அந்த அம்மாவே தடுத்திருப்பாரோ என்ற எண்ணம் இப்போதுதான் வந்தது. ஏனென்றால் இந்த மடலில் உங்கள் பெயர்களை வரிசையாக எழுதத்தான் நான் முதலில் நினைத்தேன். சங்கத்தின் மூத்த அக்காவிடம் போய்க் கேட்டபோது, "பேரு போட்டீங்கன்னா அடுத்த சனிக்கிழமை ஒருத்தியும் வரமாட்டோம் தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே பெயர்கள் இல்லை.

நன்றி சொல்வதில் எங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. மேடையில் ஒரு சால்வையைப் போட்டுவிட்டால் அடுத்த ஆண்டும் அதே வேலையை அதே ஆட்களிடம் விட்டுவிடலாம். அப்படிப்பட்ட நன்றியை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை. புதிய பொருளாளரிடம் இரண்டு காரியங்களைக் கேட்டிருக்கிறேன். வெள்ளம், நோய் போன்ற அவசர காலங்களில் ரசீது கேட்காமல் செலவு செய்ய ஒரு சிறு தொகை உங்கள் சங்கத்தின் கையிலேயே இருக்கவேண்டும் என்பது ஒன்று; அவர் சம்மதித்திருக்கிறார். ஆலயத் துப்புரவுக்குக் குடும்ப முறை வைக்கவேண்டும், அதில் ஆண்களின் பெயரும் இருக்கவேண்டும் என்பது மற்றொன்று. அதற்குக் கமிட்டியில் இன்னும் பேச்சு நடக்கிறது, சிரிப்பும் நடக்கிறது.

பேச்சு முடியும்வரை காத்திருக்கவேண்டாம் என்று நானும் என் மகனும் முடிவு செய்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வருகிறோம். விளக்குமாறு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை வாங்கிய ரசீது எந்தக் கோப்பில் இருக்கிறது என்றுதான் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து கூட்டத் தொடங்கவேண்டும் என்பதையும் நீங்கள்தான் சொல்லித்தரவேண்டும்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
சபையின் முன்னாள் பொருளாளர்